ஊக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு: நிரலாக்கம் கற்றுச் செயலித் தொழில் தொடங்குதல்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம். லிங்கநகர், திருகோணமலை)

செயலி ஒன்றை உருவாக்கித் தொழில் தொடங்கும் ஆசையில் நிரலாக்கம் கற்க வருவோர் பலர்; முதல் சில மாதங்களைத் தாண்டுவோர் சிலர். ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் நடத்திய திறந்த இணையப் பாடங்களை ஆராய்ந்து ஜஸ்டின் ரைஷ், ஹொசே ருயிபெரெஸ்-வலியென்டே ஆகிய இருவரும் 2019 இல் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை எழுதினார்கள். அதன்படி 2017-18 இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 100 பேருக்கு 3 பேர் அளவே. கட்டணம் செலுத்திச் சான்றிதழ் வழியில் சேர்ந்தவர்களிடையே இந்த விகிதம் பல மடங்கு உயர்ந்திருந்தது. பாடம் அதேதான், ஆசிரியரும் அவர்தான்; சேர்ந்த விதம் மட்டும் வேறு. உறுதி உள்ளவர்களே பணம் கட்டுகிறார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். பணம் கட்டிய பிறகு பாதியில் விட மனம் வராது என்பது இன்னொன்று.

ஊக்கம் கற்பவரின் மனத்துக்குள் மட்டும் இருக்கும் பொருளன்று. கற்றலை எப்படி ஏற்பாடு செய்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தும் அது கூடும், குறையும். நெருங்கிய இலக்கு, முகம் தெரிந்த பயனர், கைக்குப் பொருந்தும் கருவி, கூட்டு, ஒதுக்கிய நேரம் ஆகியவை அந்த ஏற்பாட்டின் முக்கியக் கூறுகள்.

1. தூரத்து இலக்கும் பக்கத்து இலக்கும்

உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவர்களிடம் ‘சோமா’ என்னும் கட்டைப் புதிர் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு நடு அமர்வில் மட்டும், தீர்த்த புதிருக்குப் பணம் தரப்பட்டது. அடுத்த அமர்வில் பணம் நின்றதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் தாமாகப் புதிரைக் கையில் எடுப்பது முன்பைவிடக் குறைந்தது. பின்னர் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வகுத்த கோட்பாடு, நீடித்த ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறது: தன் விருப்பப்படி செய்கிறோம் என்ற உணர்வு, செய்ய முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு சேர்ந்திருக்கிறோம் என்ற உணர்வு.

செயலித் தொழிலில் பணத்தை மட்டுமே நம்பிப் படிப்பவருக்கு இரட்டைச் சிக்கல். வருமானம் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தள்ளி நிற்கிறது. இன்று இரவு படிக்கும் ‘லூப்’ (சுழற்சிக் கட்டளை) பாடத்துக்கும் அந்த வருமானத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பணம் வராத ஒவ்வொரு வாரமும் தோல்வியாகத் தோன்றுகிறது. தொழில் என்ற பெரிய இலக்கு எந்தத் திசையில் போவது என்பதைத் தீர்மானிக்கட்டும். அன்றாட ஊக்கத்துக்கு அந்த வாரத்திலேயே முடிக்கக்கூடிய சிறு இலக்கு வேண்டும்.

2. முடிந்த சிறு வேலை

ஆய்வாளர்கள் தெரேசா அமபைல், ஸ்டீவன் கிரேமர் ஆகியோர் 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேரின் ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2011 இல் நூல் வெளியிட்டார்கள். பொருளுள்ள வேலையில் ஒரு படி முன்னேறிய நாளே மனம் நிறைந்த நாளாகப் பெரும்பாலும் பதிவாகியிருந்தது. முன்னேற்றம் சிறியதாக இருந்தாலும் போதுமாக இருந்தது.

திருகோணமலையில் நிரலாக்கம் கற்பவருக்கு இத்தகைய சிறு வேலைக்கு நல்ல எடுத்துக்காட்டு மீன்பிடிப் பங்குக் கணக்கு. படகு கரைக்கு வந்து மீன் விற்றதும், விற்ற பணத்திலிருந்து எரிபொருள், ஐஸ் முதலிய செலவுகள் கழிக்கப்படும். மிச்சம் படகுக்கும் தொழிலாளருக்கும் இடையே பேசிய பங்குப்படி பிரியும். விற்பனை 60,000 ரூபா, எரிபொருள் 14,000, ஐஸ் 4,000 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 42,000. பாதி படகுக்கு, மறுபாதி மூவருக்கு என்றால் தலைக்கு 7,000. பைத்தன் மொழியில் இது பத்து வரிக்குள் அடங்கும் நிரல்.

புதிதாகக் கற்பவர் இதை எழுதி முதன்முறை ஓட்டும்போது மொத்தச் செலவு 18,000 என்று வராமல் 140004000 என்று வரக்கூடும். பைத்தனின் ‘இன்புட்’ கட்டளை, விசைப்பலகையில் அடித்ததை எண்ணாக வாங்குவதில்லை, எழுத்துகளாக வாங்குகிறது. எழுத்துகளைக் கூட்டினால் ஒன்றின் பின்னால் மற்றொன்று ஒட்டிக்கொள்கிறது. வாங்கியதை ‘இன்ட்’ கொண்டு எண்ணாக மாற்றினால் கணக்கு நேராகிறது. பத்து வரி நிரலில் இந்தப் பிழையை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். தரவு வகை என்பது என்னவென்று அதன்பின் மறக்காது. வேறு யாரோ எழுதிய ஆயிரம் வரி நிரலைப் பிரதிசெய்து வைத்துக்கொண்டவருக்கு இதே பிழை ஒரு வாரத்தைத் தின்னும். முடிவில், “இது நமக்குச் சரிவராது” என்ற எண்ணமே மிஞ்சும்.

இரண்டாம் பதிப்பில் கணக்கு கோப்பில் சேமிக்கப்படுகிறது. மூன்றாவதில் மாத மொத்தம் வருகிறது. நான்காவதில் தவறுதலாக எழுத்தை அடித்தாலும் நிரல் நின்றுவிடாமல் மறுபடி கேட்கிறது. ஐந்தாவதில் கைத்தொலைபேசித் திரை. நிபந்தனை, லூப், பட்டியல், கோப்பு, தரவுத்தளம் என்று பாடநூல் வரிசைப்படுத்தும் தலைப்புகள் எல்லாம், நிரலுக்குத் தேவைப்படும் இடத்தில் ஒவ்வொன்றாக வந்துசேர்கின்றன.

காணொளிப் பாடங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவது இதற்கு எதிரான வழி. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி ஆகியோர் 2006 இல் செய்த சோதனைகளில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்துக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பியவர்கள் திரும்ப வாசித்தவர்களே. பத்து நிமிடக் காணொளியைப் பார்த்ததும் அதை மூடிவிட்டு, அதே நிரலைப் பாராமல் எழுதுவதே படிப்பு. பார்த்த மணிநேரத்தைவிட எழுதி ஓட்டிய நிரல்களின் எண்ணிக்கையே முன்னேற்றத்துக்கு நம்பத்தக்க அளவு.

3. முகம் தெரிந்த பயனர்

இலங்கையில் உருவாகி உலகம் அறிந்த மென்பொருள்களில் ‘சகானா’ ஒன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடற்கோள் திருகோணமலை உள்ளிட்ட கரையோர மாவட்டங்களைத் தாக்கியபின், இலங்கைத் தகவல் தொழில்நுட்பத் துறையினர் தன்னார்வமாகக் கூடிச் சில வாரங்களில் இதை உருவாக்கினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவும் அமைப்புகளின் பதிவு என்று அதன் பகுதிகள் ஒவ்வொன்றும் அந்த வாரத்தில் எழுந்த ஒரு கேள்விக்கு விடையாக அமைந்தன. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்கு வழங்கியது. காத்திருக்கும் பயனர் கண்முன் இருந்ததால், வேலையை நாளைக்குத் தள்ள இடமிருக்கவில்லை.

வணிகத்திலும் இந்த நெருக்கம் உதவுகிறது. ஜிஃப்ரி சுல்ஃபர் தொடங்கிய வாடகை வாகனச் செயலி ‘பிக்மீ’ 2015 இல் சேவைக்கு வந்தது. ஓட்டோ வாடகைக்குப் பேரம் பேசும் அன்றாடத் தொல்லை இலங்கையர் எவருக்கும் விளக்கத் தேவையில்லாதது. அந்த நிறுவனம் 2024 இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

துறைமுகத்தை ஒட்டிய ஊர்களில் கற்பவருக்கு முதல் பயனர் நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கிறார். மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் அறைப் பதிவு, புறாத்தீவுக்குப் போகும் படகுகளின் முறை, ரியூசன் வகுப்புகளின் வருகையும் கட்டணமும், கடையின் கடன் கொப்பி, கோயில் திருவிழாவின் உபயக் கணக்கு எல்லாம் இன்னும் பல இடங்களில் தாளில்தான் நடக்கின்றன. இவற்றில் ஒன்றை எடுத்து, வாரம் ஒருமுறை நேரில் பார்க்கக்கூடிய ஒருவருக்காகச் செய்து கொடுப்பது உலகச் சந்தைக்கான பெரிய யோசனையைவிட ஊக்கம் தரும். “தம்பி, போன மாதக் கணக்கையும் சேர்த்துக் காட்டேலாதா?” என்று கடைக்கார அண்ணர் கேட்கும் ஒரு கேள்வி, அடுத்த வாரத்துப் பாடம் என்ன என்பதைத் தீர்மானித்துவிடும். அவர் அதைப் பயன்படுத்தாமல் கொப்பிக்கே திரும்பிப் போனாலும் ஏன் என்று கேட்டறிய முடியும். அந்த விடை தொழிலின் முதல் சந்தை ஆய்வு.

4. கருவி, மொழி, மின்சாரம்

கருவியின் குறை பல நேரங்களில் திறமையின் குறையாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஆன்ட்ராய்டு ஸ்டூடியோ இயங்கக் குறைந்தது 8 ஜிபி நினைவகம் வேண்டும். சீராக இயங்க 16 ஜிபி நல்லது. 4 ஜிபி மடிக்கணினியில் அதைத் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பல நிமிடம் காத்திருப்பவர் சோர்ந்துபோவது இயல்பு. அத்தகைய கணினி உள்ளவர் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் வழியாகச் செல்வது மேல். எளிய உரைத்தொகுப்பியும் உலாவியும் போதும். அப்படி உருவாகும் வலைச் செயலியைக் கைத்தொலைபேசியின் முகப்பிலும் நிறுவிக்கொள்ளலாம். வசதி வந்தபின் கொட்லின் மொழிக்கோ ஃபிளட்டர் சட்டகத்துக்கோ மாறலாம். நடுவழியில் மொழியை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. புதிய மொழியின் முதல் அத்தியாயங்கள் எளிதாக இருப்பதால் முன்னேறுவதுபோலத் தோன்றும். பழைய மொழியில் நின்ற கடினமான இடம் அப்படியே இருக்கும்.

மின்சாரமும் இணையமும் எப்போதும் இருக்கும் என்று கொள்ள முடியாது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தது. அப்படிப்பட்ட நாளிலும் தாளில் நிரலின் படிகளை எழுதலாம், திரைகளை வரையலாம், முன்பே தரவிறக்கிய ஆவணத்தை வாசிக்கலாம். மின்சாரம் போனால் செய்ய வேண்டிய வேலை எது என்று முன்பே முடிவாகியிருந்தால் தொடர்ச்சி அறாது.

ஆங்கிலம் பலருக்கு முதல் தடை. ஆயினும் நிரலாக்கத்தில் அடிக்கடி வரும் பிழைச் செய்திகளின் சொற்கள் அதிகமில்லை. ஒரு கொப்பியில் செய்தியையும் அதன் பொருளையும் தீர்ந்த விதத்தையும் தமிழில் எழுதி வந்தால் சில வாரங்களில் பெரும்பகுதி பழகிவிடும். கணியம் அறக்கட்டளை நிரலாக்கம் பற்றிய நூல்களைத் தமிழில் இலவசமாக வெளியிட்டு வருகிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் மொழி. கருத்தைத் தாய்மொழியில் பிடித்துக்கொண்டவருக்குப் பிற மொழிக்கு மாறுவது எளிது.

5. கூட்டு

தனியாகப் படிப்பவர் ஒரு பிழையில் மூன்று நாள் நின்றால் நான்காம் நாள் கணினியைத் திறப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் இலாப நோக்கற்று இயங்கும் ‘யாழ் ஐ.டி. ஹப்’, 2012 முதல் ‘யாழ் கீக் சலன்ஞ்’ என்னும் போட்டியை நடத்தி வருகிறது. குழுவாக வந்து, யோசனையை முன்வைத்து, துறையில் உள்ளவர்களின் கேள்விகளுக்கு விடை சொல்லி, மாதிரியைக் காட்ட வேண்டும். நாள் குறித்த போட்டி, ‘எப்போதாவது முடிப்போம்’ என்ற வேலைக்கு ஒரு கெடு வைக்கிறது. திருகோணமலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி, கோணேசபுரியில் கணினி விஞ்ஞானம் கற்பிக்கிறது. அங்கு பயிலும் மாணவர்கள் ஊரில் கற்பவர்களுக்கு இயல்பான மூத்த துணை.

தமிழ்நாட்டில் ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் நடத்தும் ‘ஸோஹோ ஸ்கூல்ஸ்’ இன்னொரு மாதிரி. பள்ளிப் படிப்பை முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல் சேர்த்து, மாத உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டுகளில் வேலைக்குத் தயார்செய்கிறது. தென்காசி மாவட்டத்துக் கிராமப்புறத்திலும் அது இயங்குகிறது. இங்கு மாணவர்களைத் தாங்குபவை பக்கத்தில் இருக்கும் சக மாணவர், உண்மையான திட்டப்பணி, வீட்டுக்குச் சுமையாக இல்லை என்ற நிம்மதி. நிறுவனம் இல்லாத ஊரில் முதல் இரண்டையேனும் மூன்று நான்கு பேர் சேர்ந்து உண்டாக்கிக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு மாலை கூடி, அந்த வாரம் ஓடிய நிரலை ஒவ்வொருவரும் காட்டினாலே போதும்.

6. நேரம்

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999 இல் தொகுத்துக் காட்டிய ஆய்வுகளின்படி, ‘செய்வேன்’ என்று மட்டும் தீர்மானிப்பவர்களைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று குறித்துக்கொள்பவர்கள் சொன்னதைச் செய்வது கூடுதல். ‘இரவுச் சாப்பாடு முடிந்ததும் முன்னறையில் அரை மணி நேரம், நேற்று நின்ற இடத்திலிருந்து’ என்பது அப்படிப்பட்ட தீர்மானம். வேலைக்குப் போகிறவர், உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவர், வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் தாய் ஆகிய யாருக்கும் நாளுக்கு ஐந்து மணி நேரம் கிடைக்காது. அந்தக் கணக்கில் தொடங்குபவர் இரண்டாம் வாரத்திலேயே பின்தங்கிக் குற்ற உணர்வோடு விட்டுவிடுகிறார். அன்றைய வேலையை முடித்து எழும்புமுன் அடுத்த நாள் முதலில் செய்ய வேண்டியதை நிரலுக்குள்ளேயே ஒரு குறிப்பாக எழுதி வைப்பது தொடங்கும் தயக்கத்தைக் குறைக்கும்.

7. செயற்கை நுண்ணறிவின் இடம்

2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்தபின், கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் கருவிகள் எல்லார் கையிலும் இருக்கின்றன. இனி எதற்குக் கற்பது என்ற கேள்வியே பலரின் ஊக்கத்தைக் கெடுக்கிறது. துருக்கியின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் நடத்திய ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. கணிதப் பயிற்சியின்போது இத்தகைய கருவியைத் தடையின்றிப் பயன்படுத்தியவர்கள் அப்போது 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டு வைத்த தேர்வில், அதை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தருமாறு அமைத்த கருவியைப் பயன்படுத்தியவர்களிடம் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

ஆகவே கற்கும் காலத்தில், பிழைச் செய்தியை விளக்கச் சொல்லிக் கேட்பது, எழுதிய நிரலில் எங்கே சந்தேகம் என்று கேட்பது ஆகியவை உதவும். முழு நிரலையும் வாங்கி ஒட்டுவது செய்ய முடிகிறது என்ற உணர்வையே பறித்துவிடும். தொழில் நடத்தும் காலத்தில் இக்கருவிகள் வேலையை விரைவாக்கலாம். அவை தந்த நிரலில் பயனரின் பணக்கணக்கு பிழைத்தால் பொறுப்பு தொழில் நடத்துபவருக்கே.

8. வணிகத்தைப் படிப்போடு சேர்த்தல்

வெளியிடும் வேலை முழுவதையும் படிப்பு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தால், அது பெரிய மதிலாக நிற்கும். சிறு துண்டுகளாக முன்பே அறிந்துகொள்வது மேல். கூகிள் பிளேயில் வெளியீட்டாளராகப் பதிய ஒருமுறைக் கட்டணம் 25 டொலர். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டொலர். கூகிள் பிளே 2023 நவம்பர் 13 க்குப் பின் திறந்த தனிநபர் கணக்குகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறது: செயலியைப் பொதுவெளியில் விடுமுன் சோதனையாளர்கள் தொடர்ந்து 14 நாள் அதைச் சோதனையில் வைத்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது, 2024 டிசம்பரில் 12 பேராகக் குறைந்தது. தனிமையில் கற்றவருக்கு இந்த விதி தலைவலி. உறவினர், நண்பர், கடைக்காரர் என்று ஒவ்வொரு வாரமும் காட்டி வந்தவருக்கு அந்த 12 பேர் ஏற்கெனவே உண்டு.

செயலிக்குள் நடக்கும் விற்பனையில் கூகிள், ஆப்பிள் ஆகிய இரு செயலிக் கடைகளும் பங்கு எடுக்கின்றன. 2021 இல் கொண்டுவந்த ஏற்பாடுகளின்படி, ஆண்டு வருமானம் 10 இலட்சம் டொலருக்குட்பட்ட சிறு வெளியீட்டாளருக்கு அது 15 சதவீதமாகக் குறைந்தது. உள்ளூர்க் கடைக்கோ விடுதிக்கோ செய்து கொடுக்கும் மென்பொருளுக்கு மாதக் கட்டணத்தை நேரடியாகப் பெறுவது பலருக்கு முதல் வருமான வழி. பெயர், தொலைபேசி எண் முதலியவற்றைச் சேகரிக்கும் எவரும் இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். தேவையில்லாத தகவலைக் கேட்காதிருப்பது முதல் பழக்கம்.

9. நீண்ட பாதையும் மாற்றமும்

மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985 இல் ‘முரசு’ தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்த அவரது ‘செல்லினம்’ 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமானது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் இயங்குதளம், எழுத்துரு, குறியீட்டு முறை, கருவி எல்லாம் மாறின. கணினியில் தமிழ் எளிதாக எழுதப்பட வேண்டும் என்ற பிரச்சினை மட்டும் மாறவில்லை. பிரச்சினையோடு பற்றுக் கொண்டவருக்குத் தொழில்நுட்பம் பழசாவது இழப்பாகத் தெரிவதில்லை.

சோர்வு வரும்போது எது குறைந்தது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சில நாள் ஓய்வில் தீர்ந்தால் அது களைப்பு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால் அடிப்படைப் பாடம் ஒன்று விடுபட்டிருக்கிறது. அங்கே திரும்பிப் போக வேண்டும். நிரல் நன்றாக ஓடியும் பயனர் யாரும் தொடாவிட்டால் மாற வேண்டியது செயலி; கற்பவரின் திறமையில் குறையில்லை. பல முறை மாற்றியும் வாங்குவோர் கிடைக்காவிட்டால், அந்த யோசனையை நிறுத்திவிட்டு வேறொன்றை எடுப்பது வணிக முடிவு. தரவுத்தளம் அமைக்கவும், பிழை தேடவும், பயனரிடம் கேட்டறியவும் பழகிய கை அப்போதும் மிஞ்சுகிறது. அதைக் கொண்டு வேலைக்குச் சேரலாம், பிறருக்குச் செய்து கொடுத்துச் சம்பாதிக்கலாம், அடுத்த செயலியை முந்தியதைவிடக் குறைந்த காலத்தில் முடிக்கலாம்.